இரண்டு முறை தட்டினால் கிண்ணம் நகரும்

மைக் அத்தை எதையாவது திருடப் போகிறாள் என்றால், அதற்கு முன்னால் தட்டின் விளிம்பை நகத்தால் இரண்டு முறை தட்டுவாள். டக், டக். மெல்லிய சத்தம்தான். சோற்றைப் பிசைகிறபோது விரல் தவறிப் பட்டதுபோல இருக்கும். அந்தச் சத்தத்துக்கும், அடுத்த நொடி நீலக் கிண்ணத்திலிருந்து காணாமல் போகிற கிழங்குத் துண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று வீட்டில் கண்டுபிடித்தது ஒரே ஆள்தான். அத்தையின் அண்ணன் மகள். அப்போது அவள் பெருக்கல் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வயது.

பிற்பாடு அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய் ஒரு பட்டமும் வாங்கிவந்ததால் அவளை எல்லோரும் பட்டதாரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடுகிற தொனியில் பெருமை பாதி, கிண்டல் பாதி. வேலை கிடைக்காத மாதங்களில் கிண்டல் முக்கால்.

அத்தைக்கு மைக் என்று பெயர் வைத்தது பேருந்து நிலையம். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, வெந்நீர் வைத்த குடுவை. தொண்டைக்கு ஆகாது என்று பச்சைத் தண்ணீரைத் தொடமாட்டாள். அந்தக் குரலில் ஒரு விசேஷம் இருந்தது. அவள் எந்தப் பக்கம் சொன்னாலும் அந்தப் பக்கம் தலை திரும்பியே ஆகும். மூட்டையைத் தலையில் வைத்திருப்பவர்கூட மூட்டையோடு திரும்புவார்.

அதே குரலைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தாள்.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டது ஒரு கதவின்மேல். அப்பாவுக்கு மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிற வேலை. எங்கோ ஒரு பழைய கட்டடத்தை இடித்தபோது, தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கதவைச் சுமந்துவந்து, நாலு குட்டைக் கால்களை அடித்துக் கூடத்தில் போட்டுவிட்டார். பூட்டு இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. பருப்பு சிந்தினால் அந்த ஓட்டை வழியாக யாராவது ஒருவர் முழங்காலில் சொட்டும். அதனால் ஓட்டைமேல் எப்போதும் ஒரு கிண்ணம் இருக்கும். பொதுவாக நீலக் கிண்ணம்.

அம்மா தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவள். வேலை விட்டுச் சந்தைக்குப் போகிற நேரத்தில் கடைக்காரர்கள் சாக்கை உதறிக்கொண்டிருப்பார்கள். ஒரு கை அவரைக்காய் இருக்கும், இரண்டு கத்தரிக்காய் இருக்கும், முனை ஒடிந்த ஒரு வெள்ளரிக்காய் இருக்கும். இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வருவாள். எதுவும் ஒரு பானைக்குக் காணாது. எனவே அந்த வீட்டில் தினமும் அஞ்சாறு பதார்த்தம், எதுவுமே ஒரு ஆளுக்குப் போதாத அளவில். விளிம்பு நசுங்கிய கிண்ணத்தில் கீரை, கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளரி, கிண்ணம் பத்தாதபோது டப்பா மூடியில் அவரை. என்றைக்காவது உருளைக்கிழங்கு வறுத்தால் அது நீலக் கிண்ணத்தில். எல்லாம் கதவின் நடுவில். ஆளாளுக்குக் கை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நம்ம வீட்டைப் பாத்தா பெரிய விருந்து மாதிரி இருக்கும். எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்" என்பாள் அம்மா.

"எண்ணாதே. சாப்பிடு" என்பார் அப்பா.

யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று அந்தக் கதவுக்கு இருந்தது. கிண்ணத்தில் கடைசித் துண்டை யாரும் கேட்காமல் எடுக்கக் கூடாது. அந்தத் துண்டு வந்ததும் மரியாதை தொடங்கும். நீ எடுத்துக்கோ என்பாள் அம்மா. எனக்கு எதுக்கு, பிள்ளைங்க சாப்பிடட்டும் என்பார் அப்பா. பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த இடத்தில்தான் டக், டக்.

"அய்யோ, மாடியில காயப்போட்ட போர்வை பறக்குது."

நாலு தலையும் ஜன்னல் பக்கம் போகும். போர்வை பறக்காது. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. அதை நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. திரும்பிப் பார்த்தால் நீலக் கிண்ணம் ஒரு சாண் தள்ளி, பூட்டு ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு, துண்டு போயிருக்கும். கிண்ணம் நகர்ந்த சத்தம் ஒரு பொட்டுக்கூட வராது. ஆண்டுக்கொருமுறை அப்பா அந்தக் கதவுக்கு அப்படிப் பாலிஷ் போட்டு வைத்திருந்தார்.

"எங்கேடா துண்டு?" என்று அப்பா கேட்பது தம்பியை. தம்பிக்கு அந்த வீட்டில் வயிறு என்று பெயர். ஒல்லிக்குச்சி உடம்பு. சாப்பிடாததற்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த பெயர்.

"நான் எடுக்கலப்பா."

"வாயைத் திற."

வாயைத் திறப்பான். உள்ளே கீரை இருக்கும். கீரைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான் என்று தீர்ப்பாகும். அத்தை அப்போது வெந்நீர்ச் சொம்பை வாயோடு வைத்துக்கொண்டு, உலகத்தில் எந்தத் தப்பும் நடக்காததுபோல அண்ணாந்து குடித்துக்கொண்டிருப்பாள்.

தட்டுகிற சத்தத்தைக் கண்டுபிடித்த அன்று, வாய்ப்பாட்டுப் பெண் அத்தையைப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் மடக்கினாள்.

"அத்தை, நீ தட்டினதும் கிழங்கு போச்சு. நான் பாத்துட்டேன்."

அத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். கையில் இருந்த சோப்பு நுரையை உதறினாள். "என்ன வேணும் உனக்கு?"

"எனக்கும் பங்கு."

"பங்கெல்லாம் ஆகாதுடி. ஒரு துண்டை எப்படிப் பிரிக்கிறது? அதுவும் பாதி தூரம் போயிடுச்சு." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கொஞ்சம் யோசித்தாள். "எனக்குன்னு ஒரு வீடு வரட்டும். ஒரு கிண்ணம் நெறைய வறுத்து உன் முன்னாடி வைக்கிறேன். உனக்கு மட்டும். ஒருத்தர் கை படாது."

"உன் கை?"

"என் கையும்தான்."

"சத்தியமா?"

"வேணும்னா மைக்குல சொல்றேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள் பெண். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து நிலையம் வழியாக நடந்து போகிறபோது தலைக்குமேல் ஒலிபெருக்கி இரண்டு முறை டக், டக் என்றது. "பயணிகளின் கவனத்திற்கு. மாணவி ஒருவருக்குச் சேர வேண்டிய பொருள் நிலுவையில் உள்ளது. உரியவர் பொறுமை காக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்." நின்றிருந்த கூட்டம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்தது. ஒரு பெரியவர் அவசரமாகத் தன் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் அத்தை வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வாய்ப்பாட்டுப் பெண் அந்த ரகசியத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தம்பி வாயைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தான். தம்பிக்காக வருத்தப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். அடுத்த கவளத்தில் மறந்துபோகும்.

கல்லூரியில் சமூகவியல் படிக்கப் போனதும் அவளுக்கு ஒரு வியாதி பிடித்தது. எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கிற வியாதி. பொதுக் கிண்ணத்தில் சேர்ந்து சாப்பிடுகிற குடும்பங்களில் யாராவது ஒருவர் மற்றவர்களுக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுப்பார் என்று ஒரு புத்தகத்தில் படித்தாள். உடனே அத்தை ஞாபகம் வந்தது. ஒருவேளை அத்தை அந்தத் துண்டைத் தின்பதே இல்லையோ? அம்மா எப்போதும் கடைசியாக உட்கார்ந்து குறைவாகச் சாப்பிடுகிறவள். யாருக்கும் தெரியாமல் அவள் தட்டில், சோற்றுக்கு அடியில், கொண்டுபோய் வைக்கிறாளோ? நினைக்க நினைக்கக் கண் கலங்கியது. இத்தனை நாள் திருட்டு என்று பார்த்தது தியாகம். படிப்பு என்றால் இதுதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அடுத்த முறை கிழங்கு வறுத்த அன்று, டக், டக் கேட்டதும் எல்லோரும் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. அத்தையின் கை புறப்பட்டது. கிண்ணம் வழுக்கியது. துண்டு எழும்பி, அம்மாவின் தட்டைத் தாண்டி, நேராக அத்தையின் வாய்க்குள் போனது. அத்தை கண்ணை மூடி மென்றாள். பட்டதாரியைப் பார்த்து ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"என்னடி அப்படிப் பாக்கிறே? உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் அடிக்குரலில்.

படித்தது வீணா, அல்லது அத்தை விதிவிலக்கா என்று அவள் ஒரு வாரம் யோசித்தாள். சிலருக்குக் கிழங்கு பிடிக்கும், அவ்வளவுதான் என்பதை எந்தப் பாடத்தின் கீழ் எழுதுவது?

அத்தைக்குக் கல்யாணம் ஆகாததற்கும் பெரிய காரணம் ஏதும் இல்லை. வந்தவர்களையெல்லாம் அவளே தட்டிக்கழித்தாள். ஒருவர் மூக்கால் பேசினார். ஒருவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமலேயே அடுத்ததை ஆரம்பித்தார். "அந்த ஆளு பேசறது தாமதமா வர்ற பஸ் மாதிரி இருக்கு அண்ணி. எப்ப வரும்னு நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்புறம் கேட்பவர்கள் குறைந்தார்கள். நாற்பது தாண்டியதும் நின்றேபோனார்கள். அத்தை அதற்காக ஒருநாளும் முகம் சுண்டியதாகப் பட்டதாரி பார்த்ததில்லை.

அதனால்தான், ஒரு சாயங்காலம் கதவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, டைம்கீப்பர் என்னைக் கேக்கறாரு" என்றதும் யாருக்கும் முதலில் புரியவில்லை.

"என்ன கேக்கறாரு? நேரமா?" என்றார் அப்பா.

"என்னை."

அம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. வயிறு சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி ஒரு முட்டைத் துண்டை எடுத்துக்கொண்டான்.

டைம்கீப்பர் பேருந்து நிலைய வாசலில் ஒரு பெட்டி மாதிரியான அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று பார்த்துச் சொல்கிறவர். சொல்வதற்கு அத்தையின் கூண்டுக்கு நாள் முழுக்க நடப்பார். தனி ஆள். மெலிந்த உடம்பு, மேல் பொத்தான்வரை போட்ட சட்டை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் போவார். அது ஒன்றே அத்தைக்குப் போதுமாக இருந்திருக்கும் என்று பட்டதாரி நினைத்தாள்.

"உனக்கு இஷ்டமா?" என்றார் அப்பா.

"நீ சரின்னு சொன்னா இஷ்டம்."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

அத்தை கீரையை ஓரமாக ஒதுக்கினாள். அண்ணன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சின்ன வயதில் தாய் தகப்பன் போனபின் தங்கைக்குச் சோறு ஊட்டியவர் அவர். அவரை மீறி ஒரு வாசலைத் தாண்டமாட்டாள்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "சாப்பிட வரச் சொல்லு. நடுவுல கிண்ணத்தை வச்சு ஒரு ஆளை உக்கார வச்சுப் பாத்தாப் போதும். எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுடும்."

விடுமுறை நாள் மதியத்துக்கு ஏற்பாடானது. அம்மா அன்றைக்கு மட்டும் காலையிலேயே சந்தைக்குப் போய், முழு விலை கொடுத்து, நல்ல கிழங்காகப் பொறுக்கிவந்தாள். அப்பா கதவுக்கு இன்னொரு முறை பாலிஷ் ஏற்றினார். அத்தை காலையிலிருந்து நாலு தடவை முகம் கழுவினாள். ஐந்தாவது தடவை கழுவுகிறபோது பட்டதாரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னைக்கு நான் எதையும் தொடமாட்டேன். என் கை மடியிலதான் இருக்கும்."

"நல்லது."

"ஆனா இந்த நகம் என் பேச்சைக் கேக்காதுடி. தெரியாம தட்டிட்டேன்னு வை, உடனே என் காலை மிதி. நல்லா மிதி. அந்த ஆளு முன்னாடி, அண்ணன் முன்னாடி, கிழங்குக்கு அலையறவள்னு... அப்புறம் எனக்கு முகமே இருக்காது."

சிரிக்கலாம் என்று வாயெடுத்த பட்டதாரி சிரிக்கவில்லை. அத்தையின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. முகம் கழுவிய ஈரம் இல்லை.

டைம்கீப்பர் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னதாக வந்து, வாசலில் நின்று, அந்த ஒரு நிமிஷம் ஆனபிறகு கூப்பிட்டார். செருப்பை ஜோடியாக நேர்பார்த்து வைத்தார். அப்பாவுக்கு எதிரில் உட்கார்த்தினார்கள். விருந்தாளி என்பதால் அம்மா நீலக் கிண்ணத்தை ஓட்டையிலிருந்து எடுத்து, அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், நேர் முன்னால் வைத்தாள். கிண்ணம் நிறைய, பொன் நிறத்தில், இன்னும் பொரிகிற சத்தம் அடங்காத கிழங்கு.

"கூச்சப்படாம சாப்பிடுங்க."

"சரிங்க" என்றார்.

கூச்சப்படவில்லை. நீலக் கிண்ணத்தில் கை வைத்தார். ஒரு துண்டு, ஒரு கவளம் சோறு. இன்னொரு துண்டு, இன்னொரு கவளம். மற்றக் கிண்ணங்களின் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. கீரை அங்கே இருந்தது, அவரை அங்கே இருந்தது, முட்டை அங்கே இருந்தது. அவர் தண்டவாளத்தில் போகிறவர்போல நேராகப் போனார். துண்டு, கவளம், துண்டு, கவளம்.

கிண்ணம் பாதியானபோது வயிறு கையை நீட்டினான். அம்மா கதவுக்கு அடியில் அவன் முழங்காலைக் கிள்ளினாள். கை கீரைப்பக்கம் திரும்பியது. கிண்ணம் கால்பங்கானபோது அப்பா மெல்வதை நிறுத்தினார். ஆறு பேருக்கு வைத்த கிழங்கு ஒரு ஆளுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஓட்டை வழியாகப் பருப்பு ஒரு சொட்டு பட்டதாரியின் முழங்காலில் விழுந்தது. அவள் அசையவில்லை.

அத்தை மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் வெறும் சோறு. கண் மட்டும் ஒவ்வொரு துண்டையும் கிண்ணத்திலிருந்து அவர் வாய்வரை வழியனுப்பிவிட்டு மறுபடி கிண்ணத்துக்கு வந்தது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். அவர் அதிகமாக மரியாதை காட்டினால் விஷயம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். "கிழங்குன்னா உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

டைம்கீப்பர் விழுங்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வாக்கியத்தை முழுசாகச் சொன்னார். "அவ்வளவாப் பிடிக்காதுங்க. எனக்குன்னு வச்சதை மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சாப்பிடறேன்."

வயிறு ஒரு மாதிரி முனகினான். பிடிக்கக்கூடப் பிடிக்காது.

"எல்லாரும் அவங்கவங்க முன்னாடி இருக்கறதை எடுத்துச் சாப்பிடறீங்களே, நான் மட்டும் எப்படி வேண்டாம்னு சொல்றது" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் பட்டதாரிக்கு உறைத்தது. இந்த மனிதர் எத்தனை வருஷமாக ஒற்றை அறையில், ஒரு சட்டி, ஒரு தட்டு என்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் வைத்த கிண்ணம் எல்லோருக்கும் என்பது அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? முன்னால் எது வைக்கப்பட்டதோ அது அவருடையது. வயிறு முட்டினாலும் முடித்தாக வேண்டும். அவர் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. கிண்ணத்தில் இன்னும் ஒரே ஒரு துண்டு. அதைப் பரீட்சையின் கடைசிக் கேள்வியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அப்பாவுக்கு எடுத்துச் சொல்லலாம். எப்படி ஆரம்பிப்பது? விருந்தாளி முன்னால் சொன்னால் அவர் அவமானப்படுவார், போனபின் சொன்னால் அப்பா முடிவெடுத்திருப்பார். பட்டதாரி வாக்கியத்தை மனசுக்குள் மூன்று விதமாக அமைத்துப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் முடிவு ஏறிக்கொண்டிருந்தது. ஆறு பேர் கிழங்கை ஒருத்தனாக முடிக்கிற ஆளுக்கு என் தங்கையா?

டக், டக்.

பட்டதாரி கேட்டாள். கால் பக்கத்தில்தான் இருந்தது. மிதித்திருக்கலாம். அத்தையின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து நாலைந்து தடவை கழுவிய அந்த முகம் எல்லாக் கவலையையும் விட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் அன்று பார்த்த முகமாக மாறியிருந்தது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வாசல்ல நாய் செருப்பைத் தூக்கிட்டுப் போகுது" என்றது மைக் குரல்.

அப்பா திரும்பினார். அம்மா திரும்பினாள். வயிறு எழுந்தே விட்டான். நீலக் கிண்ணம் பாலிஷ்மேல் தண்ணீரில் போகிற படகுபோலப் புறப்பட்டது.

பாதி வழியில் நின்றது. கிண்ணத்தின்மேல் ஒரு உள்ளங்கை கவிழ்ந்திருந்தது. அந்த உள்ளங்கைக்கு அடியில் அத்தையின் மூன்று விரல்கள் மாட்டியிருந்தன. டைம்கீப்பர் வாசல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அங்கே நேர்பார்த்து வைத்திருந்தவை அவருடைய செருப்புகள்.

அப்பா மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அது அப்படியே இருந்தது. கையும் களவுமாக என்று சொல்வார்கள். கதவின் நடுவில், ஊரே பார்க்க, அதை யாரோ வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

"நீங்க திரும்பலையா?" என்றாள் அத்தை. குரலில் மைக் இல்லை.

"ரெண்டு தட்டு தட்டினீங்க" என்றார் டைம்கீப்பர். "நெஜமான அறிவிப்புக்கு நீங்க தட்டறதில்லை. மூணாவது மேடை தூண்கிட்ட நிக்கிறவங்க நகரணும்னு சொல்வீங்களே, உங்களுக்கு டீக்கடை தெரியணும்னு. அப்பத் தட்டுவீங்க. மாணவிக்குப் பொருள் நிலுவைன்னு ஒரு தடவை சொன்னீங்க. அப்பவும் தட்டினீங்க. அன்னையிலேர்ந்து காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

இந்த உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்று பட்டதாரி நினைத்திருந்த சத்தத்தை, அதே வருஷத்திலிருந்து, வாசல் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து இன்னொருவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்பா தங்கையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் மகனைப் பார்த்தார். பல வருஷத்து வாய்கள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் திறந்து மூடின.

"அப்போ நான் இல்ல" என்றான் வயிறு. அழுவதா சிரிப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை. "எத்தனை வருஷம். கீரைக்கு அடியிலகூடத் தேடினீங்களேப்பா."

"நான் போட்ட பாலிஷ்" என்றார் அப்பா. "என் பலகையில, என் கண்ணு முன்னாடி." தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபம் என்று நினைத்து அம்மா அவர் கையைப் பிடித்தாள். சிரிப்பு. கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். "கூடவே இருந்த எங்க ஒருத்தருக்கும் தெரியல. வந்த முதல் நாளே பிடிச்சுட்டாரே."

பட்டதாரி தன் தட்டை மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைம்கீப்பர் உள்ளங்கையை எடுத்தார். அந்தத் துண்டைக் கிண்ணத்தோடு அத்தைப் பக்கம் தள்ளினார். "எனக்கு நெஜமாவே இனிமே முடியாதுங்க" என்றார். அதற்கு மேல் அழகாக ஒரு ஆள் தன் மனசைச் சொன்னதை அந்த வீடு கேட்டதில்லை. அத்தை எடுத்துக்கொண்டாள், எல்லோரும் பார்க்க, வாழ்க்கையில் முதல் தடவையாக.

"அடுத்த வாரமும் வாங்க" என்றார் அப்பா. "நடுவுல வச்சது எல்லாருக்கும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

"அது தெரியாமப் போச்சுங்களே" என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முன்னமே சொல்லியிருந்தா கீரையோட நிறுத்தியிருப்பேன்."

கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. அத்தை தன் துணிப்பெட்டியோடு நீலக் கிண்ணத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அப்பா ஒரு பழைய அலமாரிக் கதவில் குட்டை மேசை ஒன்று செய்து, மூன்று முறை பாலிஷ் ஏற்றி, புது வீட்டு மாடிக்குத் தானே சுமந்துபோய்ப் போட்டார். "இதுல கிண்ணம் எப்படிப் போகும் பாரு" என்று விரலால் தள்ளிக் காட்டினாராம். வயிறுக்குப் பெயரை மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பழகிப்போச்சு, இருக்கட்டும் என்று அவனே சொல்லிவிட்டான்; ஆனால் கடைசித் துண்டு இனி கேட்காமல் தனக்குத்தான் என்று ஒரு நிபந்தனை போட்டான். யாரும் மறுக்கவில்லை.

அடுத்த வருஷம் பட்டதாரிக்கு வேலை கிடைத்தது. பேருந்தில் ஒரு ராத்திரி போக வேண்டிய ஊரில், பொருள்களைப் பெட்டி கட்டி அனுப்புகிற ஒரு நிறுவனத்தில். சமூகவியலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளைக் கேட்டவர்களைவிட அவளே தன்னை அதிகம் கேட்டுக்கொண்டாள். கிளம்புவதற்கு முதல் நாள் அத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டாள்.

மாடிப்படியில் ஏறுகிறபோதே வாசனை வந்தது. குட்டை மேசையின் நடுவில் வேறு எதுவும் இல்லை. பட்டதாரியின் முன்னால் மட்டும் நீலக் கிண்ணம், குவித்து வைத்த கிழங்கோடு. எதிரில் அத்தை. பக்கத்தில் டைம்கீப்பர், தட்டு இல்லாமல், சாட்சி மாதிரி.

"உனக்கு மட்டும்" என்றாள் அத்தை. கைகளைத் தூக்கிக் காட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். "ஒருத்தர் கை படாது. ஊருக்குப் போறவ கடன்பட்டவ மூஞ்சியைப் பாத்துட்டுப் போகக் கூடாது. தின்னு முடி, பாக்கி தீந்துடும்."

பட்டதாரி ஒரு துண்டை எடுத்தாள். நன்றாக முறுகியிருந்தது. உப்பு சரியாக இருந்தது. இரண்டாவதை எடுத்தாள். யாருடைய கையும் குறுக்கே வரவில்லை. யாரும் நீ எடுத்துக்கோ என்று சொல்லவில்லை. மெல்லுகிற சத்தம் அவளுக்கே பெரிசாகக் கேட்டது. எதிரில் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேர்வை பூத்த நெற்றியோடு தனியாக ஒரு கிண்ணத்தை முடித்துக்கொண்டிருந்த மனிதரின் ஞாபகம் வந்தது. இன்னும் பாதி இருந்தது.

டக், டக்.

"காக்கா ஒண்ணு ஜன்னல்ல வந்து உன் கம்மலையே பாத்துக்கிட்டு இருக்குடி."

காதில் கம்மல் போடுகிற பழக்கமே பட்டதாரிக்குக் கிடையாது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். நன்றாக, உடம்போடு திரும்பினாள். பக்கத்தில் டைம்கீப்பரும் திரும்பி, இல்லாத காக்காயை அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பேருந்து நிலையத்தின் தகரக் கூரை வெயிலில் மின்னியது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அப்பாவின் பாலிஷ் அப்படி.

நேரம் கொடுத்துத் திரும்பினாள். கிண்ணம் மேசையின் அந்தக் கோடியில் காலியாக இருந்தது. அத்தை சொம்பை வாயோடு வைத்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். கீழே வைத்தபோது உதட்டோரம் எண்ணெய் மின்னியது.

"என்ன அத்தை, முடிஞ்சுடுச்சா?"

"எங்கே முடிஞ்சது? நீ பாதிகூடத் திங்கலையே. அரை கிண்ணம் பாக்கி நிக்குது" என்றாள் அத்தை. "அடுத்த தடவை வர்றப்போ தர்றேன். மைக்குல வேணும்னாச் சொல்லட்டுமா?"